புதிய வியூக போர்டு கேம்கள்: தேடுவது, தேர்ந்தெடுப்பது, ஆடிப் பழகுவது

பரமபதத்தில் கட்டை என்ன சொல்கிறதோ அதுதான் நடக்கும். ஏணியில் ஏறுவதும் பாம்பிடம் கடிபடுவதும் நம் கையில் இல்லை. தாயத்தில் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. விழுந்த எண்ணை எந்தக் காய்க்குப் பயன்படுத்துவது, எதிராளியை வெட்டுவதா, நம் காயைப் பழமாக்க விரட்டுவதா என்று யோசிக்கலாம். ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டையே தேவையில்லை. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். அதில் நடப்பது எல்லாமே ஆடுகிற இருவரும் எடுக்கும் முடிவுகள்தான்.

இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் வியூக ஆட்டம் எது என்பது புரிந்துவிடும். ஒரு புதிய ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: என் முறை வரும்போது நான் எதைத் தீர்மானிக்க வேண்டும்? அழகான பெட்டி, விருதுகள், நூறு மரப் பொம்மைகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான். தேர்ந்தெடுக்கும்போதும், விதிகளைக் கற்கும்போதும், வீட்டில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் இந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். புதியவர்கள் திணறும் இடங்கள் பாதி அதிலேயே சரியாகிவிடும்.

இன்று 'மாடர்ன் போர்டு கேம்' என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி ஜெர்மனியில் வளர்ந்த மரபைச் சேர்ந்தது. 1995இல் கிளாவுஸ் டொய்பர் உருவாக்கிய கேட்டன் அந்த மரபை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நம் வீடுகளில் பலரும் ஆடிய 'பிசினஸ்' ஆட்டத்தில் பணம் தீர்ந்தவர் வெளியேறி, மற்றவர்கள் முடிக்கும்வரை ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஆட்டம் எப்போது முடியும் என்றும் யாருக்கும் தெரியாது. கேட்டனில் யாரும் வெளியேறுவதில்லை. முதலில் 10 புள்ளி எடுப்பவர் வெல்கிறார், கடைசி வரை எல்லோரும் மேசையில் இருக்கிறார்கள். அதிர்ஷ்டத்துக்கு அதில் இடம் உண்டு, ஆனால் அதைச் சமாளிக்கும் வழிகளும் உண்டு.

முதலில் உங்கள் ஆட்களைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் யார் யார் ஆடுவார்கள் என்று பாருங்கள். நிறையப் பேர் இதைச் செய்யாமலேயே பிரபலமான ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அது அலமாரியிலேயே கிடக்கிறது.

எத்தனை பேர் என்பது முதல் விஷயம். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் கேட்டன் வேண்டாம். அதன் அடிப்படைப் பெட்டி 3 அல்லது 4 பேருக்கானது. இருவருக்கென்றே உருவான நல்ல ஆட்டங்கள் இருக்கின்றன. ஊவே ரோசன்பெர்க்கின் பேட்ச்வொர்க்கில் துணித் துண்டுகளை வாங்கி ஆளுக்கொரு ஒட்டுப்போர்வை தைக்க வேண்டும். ஜான் யியானியின் ஹைவ் ஆட்டத்துக்குப் பலகையே கிடையாது. பூச்சி படம் போட்ட காய்களை மேசையில் அடுக்கி எதிராளியின் ராணித் தேனீயைச் சுற்றி வளைக்க வேண்டும். சதுரங்கம் பிடித்தவர்களுக்கு ஹைவ் உடனே பிடித்துப்போகும்.

விடுமுறைக்கு அத்தை, சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் வந்து 6, 7 பேர் கூடுகிற வீடு என்றால் பிரச்சினை வேறு. ஒவ்வொருவராக ஆடும் ஆட்டத்தில் முறை திரும்பி வருவதற்குள் பாதிப் பேர் கைப்பேசிக்குள் போய்விடுவார்கள். அங்கே செவன் வொண்டர்ஸ் பொருந்தும். எல்லோரும் ஒரே நேரத்தில் கையில் இருக்கும் சீட்டுகளில் ஒன்றை எடுத்துவைத்து, மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுகிறார்கள். 7 பேர் ஆடினாலும் காத்திருப்பு பெரிதாக இல்லை.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடாதீர்கள். கார்கசோன் பெட்டியில் 2 முதல் 5 பேர் என்று இருக்கும். அதில் இருப்பவை 72 ஓடுகள், அதாவது சதுர அட்டைத் துண்டுகள், அவற்றில் ஒன்று தொடக்க ஓடு. இருவர் ஆடினால் ஆளுக்கு ஏறக்குறைய 35 முறை வரும், ஐவர் ஆடினால் 14தான். ஒரே பெட்டிதான், ஆனால் அனுபவம் ரொம்பவே மாறுகிறது. இருவரில் ஒருவரையொருவர் விடாமல் கவனிக்கும் இறுக்கமான போட்டி. ஐவரில் பேசிச் சிரித்துக்கொண்டே நிதானமாக நகரும் மாலைப்பொழுது.

நம் வீடுகளுக்கு முக்கியமான இன்னொன்று மொழி. இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. சீட்டுக்குச் சீட்டு ஒரு பத்தி எழுதியிருக்கும் ஆட்டத்தை வாங்கினால், ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் அம்மாவோ பாட்டியோ ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டியிருக்கும். அப்படிக் கேட்டுக் கேட்டே அவர்களுக்கு ஆர்வம் போய்விடும். கார்கசோன், அசூல், கிங்டோமினோ, ஸ்ப்ளெண்டர், ஹைவ் ஆகியவற்றில் ஆடும்போது படிக்க ஒன்றுமே இல்லை. நிறம், உருவம், எண் மட்டும்தான். எழுத்து தெரியாத சின்னப் பிள்ளையும் பாட்டியும் ஒரே மேசையில் சமமாக உட்கார முடிகிறது என்பதால் முதல் பெட்டியை நான் பெரும்பாலும் இந்த வரிசையிலிருந்து எடுக்கச் சொல்வேன்.

தோற்றால் முகம் வாடி எழுந்து போகிறவர் வீட்டில் இருந்தால் கூட்டு ஆட்டத்தில் தொடங்கலாம். மாட் லீகாக்கின் பேண்டமிக் (2008) அப்படிப்பட்டது. உலக வரைபடத்தில் 4 நோய்கள் பரவுகின்றன. எல்லோரும் ஒரே அணியாக மருந்து கண்டுபிடிக்க வேண்டும். வென்றால் எல்லோரும், தோற்றால் எல்லோரும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. விவரம் தெரிந்த ஒருவர் 'நீ அங்க போ, நீ இதை எடு' என்று எல்லோருக்கும் சேர்த்து ஆடத் தொடங்கிவிடுவார். கேட்டால் மட்டுமே யோசனை சொல்வது என்று ஆரம்பத்திலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது

ஜெர்மனியில் 1979 முதல் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' என்ற விருது வழங்கப்படுகிறது. ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று பொருள். குடும்பமாக ஆடக்கூடிய ஆட்டங்களைத்தான் அந்த நடுவர் குழு பார்க்கிறது. பெட்டியில் சிவப்புக் காய் முத்திரை இருந்தால் அது இந்த விருது. கேட்டன் (1995), கார்கசோன் (2001), டிக்கெட் டு ரைட் (2004), கிங்டோமினோ (2017), அசூல் (2018) எல்லாம் இதைப் பெற்றவை. கொஞ்சம் பழகியவர்களுக்காக 2011 முதல் 'கென்னர்ஷ்பீல்' என்று தனி விருது உண்டு. அதன் முத்திரை கரிய நிறம். முதல் ஆண்டில் அதை வென்றது மேலே சொன்ன செவன் வொண்டர்ஸ். குழந்தைகள் ஆட்டங்களுக்கு நீல முத்திரை. புதியவர்கள் சிவப்பிலிருந்து ஆரம்பித்து, ஒரு வருடம் கழித்துக் கரியதற்குப் போகலாம்.

போர்டுகேம்கீக் என்ற இணையதளத்தில் ஏறக்குறைய எல்லா ஆட்டத்துக்கும் பக்கம் இருக்கிறது. அங்கே போனதும் எல்லோரும் தரவரிசையின் முதல் பத்தைத்தான் பார்ப்பார்கள். அதை நம்பி முதல் ஆட்டத்தை வாங்கிவிடாதீர்கள். அங்கே மதிப்பெண் போடுபவர்கள் பல வருடமாக ஆடிப் பழகியவர்கள், அவர்களுக்குக் கடினமானவைதான் பிடிக்கும். உச்சத்தில் இருந்துவரும் பிராஸ்: பர்மிங்ஹாம் அருமையான ஆட்டம். தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில் கால்வாயும் ரயில் பாதையும் போட்டு ஆலைகள் நடத்த வேண்டும். அதை முதல் ஆட்டமாக எடுத்தவர்கள் பாதியிலேயே மூடிவைத்துவிடுவார்கள்.

அந்தப் பக்கங்களில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று 'வெயிட்' எனப்படும் கடின அளவு, 1 முதல் 5 வரை. அசூலும் டிக்கெட் டு ரைட்டும் 2க்குக் கீழே. கேட்டன் 2க்குச் சற்று மேலே. டெராஃபார்மிங் மார்ஸ் 3ஐத் தாண்டும். பிராஸ் 4ஐ நெருங்கும். முதல் சில ஆட்டங்களை 2ஐ ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, எத்தனை பேர் ஆடினால் நன்றாக இருக்கிறது என்று ஆடியவர்கள் போட்ட வாக்கு. பெட்டி சொல்லாததை அது சொல்லும்.

வாங்குவதற்கு முன் ஒருமுறை ஆடிப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. பெருநகரங்களில் போர்டு கேம் கஃபேக்கள் இருக்கின்றன. மணிக்கணக்கில் கட்டணம் கொடுத்து ஆடலாம், அங்கிருப்பவர்களே விதிகளைச் சொல்லித் தருவார்கள். அப்படி இல்லாத ஊர்களில் போர்டு கேம் அரீனா என்ற இணையதளம் உதவும். கார்கசோன், அசூல், செவன் வொண்டர்ஸ், ஹைவ் எல்லாம் அங்கே உலாவியிலேயே ஆடலாம். நாளுக்கு ஒரு நகர்வு என்ற வேகத்தில் ஆடும் வசதியும் உண்டு என்பதால் வெளியூரில் இருக்கும் தம்பியோடு வாரக்கணக்கில் ஒரே ஆட்டத்தை நடத்தலாம். ஆனால் அங்கே கணினியே புள்ளி கணக்கிட்டுவிடும், தவறான நகர்வைத் தடுத்துவிடும். ஒரு ஆட்டம் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது நல்ல இடம். விதிகளை முழுதாகக் கற்க ரூல்புக்கைத்தான் திறக்க வேண்டும்.

இறக்குமதி ஆட்டங்கள் இங்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதனால் மலிவான போலிப் பதிப்புகளும் சந்தையில் சுற்றுகின்றன. மெல்லிய அட்டை, ஒன்றோடொன்று பொருந்தாத ஓடுகள், பிரித்தறிய முடியாத நிறங்கள் என்று அவை வந்துசேரும். நிறத்தைப் பார்த்து ஆடும் ஆட்டத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரிந்தால் எப்படி ஆடுவது? விலை பாதிக்கும் கீழே இருந்தால், பெட்டியில் வெளியீட்டாளர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புதிய ஆட்டம் என்றாலே ஒதுங்குகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஆடுபுலியையோ பல்லாங்குழியையோ முதலில் எடுத்து மேசையில் வையுங்கள். சென்னையில் வினிதா சித்தார்த்தாவின் 'க்ரீடா' நிறுவனம் இந்தப் பழைய ஆட்டங்களைப் பெட்டியில் போட்டுத் தருகிறது. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டு, புளியங்கொட்டையைக் காயாக வைத்தும் ஆடலாம். புலியை மடக்கிப் பழகிய பாட்டிக்கு ஹைவ் சொல்லிக் கொடுப்பது எளிது.

முதல் பெட்டி

மூன்றில் ஒன்றை எடுக்கச் சொல்வேன்.

டிக்கெட் டு ரைட்டை ஆலன் மூன் உருவாக்கினார், 2004இல் வந்தது. உங்கள் முறையில் மூன்று வேலைகளில் ஒன்றுதான்: சீட்டு எடுப்பது, சேர்த்த சீட்டுகளைக் கொடுத்து இரண்டு ஊர்களுக்கு நடுவே ரயில் பெட்டிகளை அடுக்குவது, அல்லது எந்த ஊரை எந்த ஊரோடு இணைக்க வேண்டும் என்று சொல்லும் புதிய பயணச் சீட்டுகளை எடுப்பது. இன்னும் ஒரு சுற்று சீட்டு சேர்த்தால் நீண்ட பாதை கிடைக்கும், அதற்குள் அந்தப் பாதையை வேறு யாராவது பிடித்துவிட்டால்? ஆட்டம் முழுக்க இந்தப் பதற்றம்தான். ஒரு பெட்டி நீளப் பாதைக்கு 1 புள்ளி, 6 பெட்டிப் பாதைக்கு 15. அடிப்படைப் பெட்டியில் இருப்பது அமெரிக்க வரைபடம். 2011இல் வந்த விரிவாக்கம் ஒன்றில் இந்திய வரைபடம் இருக்கிறது. அதை ஆட அடிப்படைப் பெட்டியின் ரயில்களும் சீட்டுகளும் வேண்டும் என்பதால் தனியாக அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

மிஷாயேல் கீஸ்லிங்கின் அசூல் 2017இல் வந்தது. போர்ச்சுகல் சுவர் ஓடுகளை ஒட்டி உருவான ஆட்டம். நடுவில் இருக்கும் வட்டங்களில் ஒன்றிலிருந்து ஒரே நிற ஓடுகளை எல்லாம் எடுத்து உங்கள் பலகையில் ஒரு வரிசையில் வைக்க வேண்டும். மிஞ்சியவை கீழே விழுந்து புள்ளியைக் குறைக்கும். விதி இவ்வளவுதான். ஆனால் நீங்கள் எடுக்காமல் விடும் ஓடுகளும் எதிராளியைப் பாதிக்கும் என்பது இரண்டாவது ஆட்டத்தில் தெரியவரும்போது மேசை அமைதியாகிவிடும்.

என் சொந்த விருப்பம் கார்கசோன். கிளாவுஸ்-யூர்கன் விரேடே உருவாக்கி 2000இல் வந்தது. பிரான்சின் தெற்கில் உள்ள கோட்டை நகரத்தின் பெயர். உங்கள் முறையில் ஒரு ஓட்டை எடுத்து, பாதையோடு பாதையும் கோட்டையோடு கோட்டையும் சேரும்படி ஏற்கெனவே இருக்கும் ஓடுகளோடு ஒட்டி வைக்கிறீர்கள். பிறகு, வேண்டுமானால் அந்த ஓட்டில் உங்கள் மர மனிதர்களில் ஒருவரை நிறுத்தலாம். பாதை முடிந்தால் ஓட்டுக்கு 1 புள்ளி. கோட்டை மூடப்பட்டால் ஓட்டுக்கு 2, அதில் கேடயச் சின்னம் இருந்தால் இன்னும் 2. மடத்தைச் சுற்றி 8 ஓடுகளும் நிரம்பினால் 9. முடிந்ததும் ஆள் உங்கள் கைக்குத் திரும்பிவிடுவார். முடியாவிட்டால் கடைசி வரை அங்கேயே நிற்பார். உங்களிடம் இருப்பது 7 பேர் மட்டும்.

முடிவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரிய கோட்டைக்கு ஆசைப்பட்டு ஆளை நிறுத்தினால் அது மூடுவதற்கான ஓடு வராமலே போகலாம். சின்னச் சின்னப் பாதைகளாக முடித்தால் ஆள் திரும்பிக்கொண்டே இருப்பார், ஆனால் புள்ளி மெதுவாகத்தான் ஏறும். அடுத்தவரின் கோட்டைக்குள் நேராக ஆளை நிறுத்த முடியாது. ஆனால் பக்கத்தில் தனியாக ஒரு கோட்டைத் துண்டைத் தொடங்கி, பின்னால் ஒரு ஓட்டால் இரண்டையும் இணைத்துவிடலாம். ஆள் எண்ணிக்கை சமமாக இருந்தால் இருவருக்கும் முழுப் புள்ளி. உங்கள் ஆட்கள் கூடுதலாக இருந்தால் எல்லாம் உங்களுக்கே. இத்தனையும் ஒரு ஓட்டை எங்கே வைப்பது என்ற ஒரே செயலுக்குள் இருக்கிறது. அதனால்தான் இதை முதல் பெட்டியாகச் சொல்கிறேன்.

வயல்வெளியில் ஆளைப் படுக்க வைக்கும் விதி ஒன்றும் இதில் உண்டு. அதை முதல் இரண்டு ஆட்டங்களில் விட்டுவிடுங்கள். புதிய பதிப்புகளின் ரூல்புக்கே அதைக் கூடுதல் விதியாகப் பிரித்துத்தான் தருகிறது.

விதிகளை முதல் நாளே படியுங்கள்

எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு பெட்டியைப் பிரித்து ரூல்புக்கை உரக்க வாசிப்பதுதான் ஒரு புதிய ஆட்டத்தைக் கெடுக்கும் நிச்சயமான வழி. யாராவது ஒருவர் முதல் நாளே படித்துவைக்க வேண்டும். பெட்டியை வாங்கியவர் நீங்கள் என்றால் அது உங்கள் வேலை.

ரூல்புக்கை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். ஆட்டம் எப்போது முடிகிறது, யார் வெல்கிறார் என்ற பகுதியை முதலில் தேடிப் படியுங்கள். அப்புறம் ஒரு முறையில் என்ன செய்யலாம் என்பதைப் படியுங்கள். கடைசியாகக் காய்களை அடுக்கும் முறைக்கு வாருங்கள். முடிவு தெரிந்த பிறகு படித்தால் ஒவ்வொரு விதியும் எதற்காக இருக்கிறது என்று புரியும். பிறகு எல்லாவற்றையும் தரையில் பரப்பி, இரண்டு பேருக்கும் நீங்களே ஆடுங்கள். நாலைந்து சுற்று போதும். எந்த இடத்தில் ரூல்புக்கைத் திரும்பத் திறக்கிறீர்களோ, நாளை மற்றவர்களும் அதே இடத்தில்தான் கேள்வி கேட்பார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகி வையுங்கள்.

யூடியூபில் விளக்கக் காணொளிகள் ஏராளம். ஒன்றைப் பாருங்கள், போதும். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் கையெழுத்தில், தமிழில், ஒரு முறையில் செய்யக்கூடியவற்றையும் புள்ளிக் கணக்கையும் எழுதி மேசையில் வையுங்கள். அச்சடித்த ஆங்கிலக் குறிப்பு அட்டையை யாரும் எடுப்பதில்லை, இதை எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

சொல்லிக் கொடுப்பது

பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். முதல் வாக்கியம் எப்படி வெல்வது என்பதாக இருக்கட்டும். 'இந்த ஆட்டத்துல கோட்டை, பாதை, மடம் கட்டி முடிச்சா புள்ளி. ஓடு தீர்ந்ததும் யாருக்குப் புள்ளி அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க.' இதைச் சொன்ன பிறகுதான் ஓட்டைக் கையில் எடுக்க வேண்டும். அபூர்வமாக வரும் விதிவிலக்குகளை அவை வரும்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒருவரின் திட்டத்தையே கவிழ்க்கக்கூடிய விதி என்றால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. கார்கசோனில் கோட்டைகளை இணைக்கலாம் என்பதை நடுவில் சொன்னால், கோட்டை பறிபோனவருக்குக் கோபம் வரத்தான் செய்யும், அதில் நியாயமும் இருக்கிறது.

முதல் ஆட்டம் பழகுவதற்கு மட்டும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். எடுத்த ஓட்டை எல்லோரும் பார்க்கும்படி வைத்து யோசிக்கலாம். அப்போது கேள்விகள் வரும். பதில் சொல்லும் விதத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

"இதை நான் எங்கப்பா வைக்கிறது?"

"சித்தி, ரெண்டு இடம் இருக்கு. இங்க வச்சா உங்க பாதை இப்பவே முடியும், 4 புள்ளி வரும், ஆளும் திரும்பி வருவார். அங்க வச்சா கோட்டை பெருசாகும், ஆனா மூட இன்னும் ரெண்டு ஓடு வேணும். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எது சிறந்தது என்று நீங்களே சொல்லிவிட்டால் சித்தி உங்கள் ஆட்டத்தைத்தான் ஆடுகிறார். தவறான இடத்தில் வைத்தாலும் வைக்கட்டும், அந்த முடிவு அவருடையது. அடுத்த ஆட்டத்துக்கு அவர் உட்காருவது அதனால்தான். வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பதையும் தவிருங்கள், பிள்ளைகள்கூட உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். திறமை வித்தியாசம் ரொம்ப அதிகம் என்றால், தெரிந்தவர் 7 பேருக்குப் பதில் 5 மர மனிதர்களோடு ஆடலாம். அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டே செய்யலாம்.

மேசையைச் சுற்றிச் சில சின்ன விஷயங்கள். மின்விசிறியைக் குறைத்து வையுங்கள் அல்லது நேர் கீழே உட்காராதீர்கள், சீட்டுகள் பறக்கும். தரையில் ஆடுவதானால் கனமான துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து ஆடுங்கள். ஓடுகள் நகராது, நகம் வைத்து எடுக்கவும் எளிது. முறுக்கும் பஜ்ஜியும் ஆட்டம் முடிந்த பிறகு. எண்ணெய் பட்ட சீட்டைப் பின்பக்கம் பார்த்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம், அதன் பிறகு அந்தக் கட்டு பயன்படாது. அடிக்கடி கலைத்துப் போடும் சீட்டுகளுக்குப் பிளாஸ்டிக் ஸ்லீவ் போடுவது நல்லது. கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றில் அட்டை வளைந்துவிடும். பெட்டிக்குள் ஒன்றிரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

குறைந்தது மூன்று முறை

புதியவர்கள் செய்ய வேண்டிய மிக முக்கியமான விஷயம் என்று நான் நினைப்பது இது: ஒரு ஆட்டத்தை மூன்று முறையாவது ஆடாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். முதல் முறை விதிகளைத்தான் ஆடுகிறோம். யார் வென்றார்கள் என்பதில் பெரிய அர்த்தம் இல்லை. இரண்டாம் முறை எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தொடங்குகிறோம். மூன்றாம் முறைதான் திட்டம் போடுகிறோம். வாரத்துக்கு ஒரு புதிய பெட்டி என்று ஆடுபவர்கள் விதிகளை மட்டுமே கற்றுக்கொண்டு போகிறார்கள்.

கேட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்கான நிலத்திலிருந்து மரம், செங்கல், கம்பளி, தானியம், தாது வாங்கி வீடும் சாலையும் கட்டும் ஆட்டம். முதல்முறை ஆடியவர்கள் 'எல்லாம் பகடை விழறதுலதான் இருக்கு' என்பார்கள். இரண்டு பகடைகளில் 36 விதமாக எண் விழலாம். 7 விழ 6 வழி. 6க்கும் 8க்கும் தலா 5 வழி. 5க்கும் 9க்கும் 4. இப்படிக் குறைந்துகொண்டே போய் 2க்கும் 12க்கும் ஒரே ஒரு வழி. நிலங்களின் மேல் வைக்கும் எண் வில்லைகளில் எண்ணுக்குக் கீழே அச்சடித்திருக்கும் சின்னப் புள்ளிகள் இந்த வழிகளின் எண்ணிக்கைதான். அதிகம் விழும் 6ம் 8ம் சிவப்பில் இருக்கும். இதைக் கவனித்தவுடன் ஆட்டமே வேறாகத் தெரியும். தொடக்கத்தில் வைக்கும் இரண்டு வீடுகளைச் சுற்றியுள்ள புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து இடம் பிடிக்க ஆரம்பிப்பீர்கள்.

மூன்றாம் ஆட்டத்தில் அதற்கும் மேலே ஒன்று புரியும். புள்ளி அதிகம் உள்ள இடம் கிடைத்தும் செங்கல் எங்குமே வராவிட்டால் சாலை போட முடியாது. வீட்டுக்கு மரம், செங்கல், கம்பளி, தானியம் தலா ஒன்று வேண்டும். அதை நகரமாக்க 3 தாதுவும் 2 தானியமும் வேண்டும். அப்போது சாலை, வீடு என்று பரவும் ஆளா, தாது சேர்த்து நகரம் எழுப்பும் ஆளா என்று முதல் வீட்டை வைக்கும்போதே முடிவுசெய்வீர்கள். இல்லாததை மற்றவர்களிடம் பேரம் பேசி வாங்குவீர்கள். இரண்டு ஆட்டங்களாக உங்களோடு நியாயமாகப் பரிமாறிக்கொண்டவர் இந்த முறையும் கொடுப்பார், எப்போதும் ஏமாற்றப் பார்த்தவருக்கு ஒருவரும் கம்பளி தரமாட்டார்கள். முதல் ஆட்டத்தில் ரூல்புக் காட்டும் தொடக்க அமைப்பையே பயன்படுத்துங்கள். நிலங்களைக் கலைத்துப் போடுவதை இரண்டாவதிலிருந்து வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டம் முடிந்ததும் உடனே பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டுப் பேசுங்கள். 'அந்த இடத்துல நீ ஏன் கோட்டையை மூடல?' என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த ஆட்டத்துக்கான பாடம் அதிலிருந்து வந்துவிடும். எனக்கு ஆட்டத்தைவிட இந்தப் பேச்சு பிடித்துப்போன நாட்கள் உண்டு.

அடுத்தது எது

மூன்று முறை ஆடிய பிறகு எந்த விதமான முடிவு உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். சிறியதாகத் தொடங்கிய ஒன்று சுற்றுக்குச் சுற்று வளர்ந்து கூடுதலாக விளைச்சல் தருவது பிடித்திருந்தால் ஸ்ப்ளெண்டர், அடுத்து எலிசபெத் ஹார்கிரேவின் விங்ஸ்பேன், பிறகு டெராஃபார்மிங் மார்ஸ் என்று படிப்படியாக ஏறலாம். விங்ஸ்பேனில் 170 பறவைச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பறவை. பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் அதிலிருந்து கையை எடுக்கமாட்டார்கள். சீட்டுக் கட்டு ஆட்டங்கள் பிடிக்கும் என்றால் டொமினியன். எல்லோரும் ஒரே மாதிரியான 10 சீட்டுகளோடு தொடங்கி, ஆட ஆடத் தங்கள் கட்டைத் தாங்களே உருவாக்கிக்கொள்கிறார்கள். இருக்கும் ஆட்களை எந்த வேலைக்கு அனுப்புவது என்று திட்டமிடப் பிடித்தால் முதலில் ஸ்டோன் ஏஜ், பின்னர் அக்ரிகோலா. அக்ரிகோலாவில் நீங்கள் ஒரு உழவுக் குடும்பம். அறுவடை வரும்போதெல்லாம் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு 2 உணவு வீதம் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிச்சைச் சீட்டு வாங்க வேண்டும், ஒவ்வொன்றும் 3 புள்ளியைக் குறைக்கும். நிலத்தைப் பெருக்குவதா, வயிற்றைப் பார்ப்பதா என்ற கேள்வி கடைசிச் சுற்று வரை விடாது.

பேச்சும் வாதமும் பிடித்த நண்பர் குழு என்றால் இந்தியாவில் உருவான 'சாசன்' இருக்கிறது. ஜெயின் மேமனின் ஆக்கம். அரசியல்வாதியாக நின்று கொள்கைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அதில் கிடைப்பதைக் கொண்டு வாக்குகளை வாங்கித் தொகுதிகளைப் பிடிக்க வேண்டும். ஆங்கிலம் நிறைய வாசிக்க வேண்டியிருக்கும், சூடான விவாதமும் வரும். ஆட்களைப் பார்த்து எடுங்கள்.

விரிவாக்கப் பெட்டிகளுக்கு அவசரம் வேண்டாம். அடிப்படை ஆட்டத்தில் எல்லோரும் கேட்காமலே விதிகளைச் சொல்லும் நிலை வந்த பிறகு வாங்கினால் போதும். மூன்று முறை ஆடியும் ஒட்டவில்லை என்றால் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு வருந்த வேண்டியதில்லை. காய்களை எண்ணிப் பார்த்து, சின்னச் சின்ன ஜிப் பைகளில் பிரித்துப் போட்டு, குறையில்லாமல் வைத்திருந்தால் இன்னொரு குழுவோடு மாற்றிக்கொள்ளலாம், அல்லது பாதி விலைக்காவது விற்கலாம். கொடுக்கும்போது நீங்கள் எழுதிய அந்தத் தமிழ்த் துண்டுச் சீட்டையும் பெட்டிக்குள் வைத்துக் கொடுங்கள், வாங்குபவர் வீட்டில் அதற்கும் வேலை இருக்கும்.